கூடுகளின் எண்ணிக்கை சரியாக இருந்த காலை

நீங்கள் வந்து சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை தோட்டா வெளியே போனது, சுட்டு முடிந்த வெற்றுக் கூடு எத்தனை திரும்பி வந்தது, சுடாமல் மிஞ்சியது எத்தனை. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இந்த நாட்டில் ஒரு தோட்டா காணாமல் போனால் அது போலீஸ் விஷயம். துப்பாக்கி சுடும் ரேஞ்சின் கேட்டை மூடிவிட்டு எல்லோரும் குனிந்து புல்லைக் கோதித் தேட வேண்டியிருக்கும். நானும் தேடியிருக்கிறேன், மழையில், முழங்கால்வரை சேற்றோடு. கடைசியில் அது ஓர் உறுப்பினரின் கால்சட்டை மடிப்பிலிருந்து விழுந்தது. அதனால் எண்ணுவதில் நாம் கெட்டிக்காரர்கள். தூக்கத்தில் எழுப்பி எண்ணச் சொன்னாலும் எண்ணுவோம்.

என் கவலையே அதுதான்.

அடுத்த மாதம் நான் பயிற்சிப் பிரிவுக்கு மாறிப் போகிறேன். கவுன்டரில் என் நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்காரப்போகிறார். முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி பென்ஷன் வாங்கியவர் மாதிரி அனுபவம் பேசுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள், ஆனால் படித்துவிடுங்கள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு இந்த வேலைக்குப் போகிறேன் என்று செந்தூல் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏம்மா, ஏர்கோன் போட்ட ஆபீஸ்லாம் உனக்குப் பிடிக்கலையா?" உண்மையிலேயே பிடிக்கவில்லை. சொல்லப்போனால் துப்பாக்கிமேல்கூட எனக்குப் பெரிய ஆசை இல்லை. தோட்டாதான் என்னைப் பிடித்துக்கொண்டது. விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு, அதன் அடியில் பொடி எழுத்தில் அதன் பெயர். துப்பாக்கிக் குழலின் பக்கவாட்டிலும் ஒரு பெயர் வெட்டியிருக்கும். இந்த இரண்டு பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில்தான் சுடுகிறவரின் முகம் முழுசாக இருக்கிறது.

விருந்தாளிகள் உங்களிடம் கேட்பார்கள்: தோட்டா துப்பாக்கிக்குள் நுழைந்தால் போதாதா? போதாது. இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதைக்கு அவை போதும். ஒன்று .308, இன்னொன்று நாம் சுருக்கமாக ஏழு எம்எம் என்று சொல்வது. இரண்டாவது, முதலாவதற்குத் தம்பி. அதே உடம்பு, அதே அடிப்பாகம், அதே தோள். கழுத்தும் அதில் செருகியிருக்கும் குண்டும் மட்டும் கொஞ்சம் மெலிவு. அந்தக் கொஞ்சம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தம்பியை அண்ணனின் துப்பாக்கியில் போட்டால் தொளதொளவென்று போய் உட்காரும், வெடிக்கும், குண்டு குழலுக்குள் ஆடிக்கொண்டே எங்கேயோ போகும். அசிங்கம்தான், ஆனால் பெரும்பாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். அண்ணனைத் தம்பியின் துப்பாக்கியில் போட்டால் கதை வேறு. முதலில் போகவே போகாது. கழுத்து இடிக்கும், குழலைப் பின்னாலிருந்து அடைக்கிற போல்ட் மூடாது. யாராவது பலத்தைக் காட்டி மூடிவிட்டால், வெடிக்கும்போது குண்டுக்கு முன்னால் போக வழி இருக்காது. அழுத்தம் பின்னால் வழி தேடும். பின்னால் இருப்பது போல்ட். போல்ட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு கண்.

அன்றைக்கு அந்தக் கண் குணா அண்ணனுடையது.

கிள்ளானில் லோரி பட்டறை வைத்திருப்பவர். கை விரல் ஒவ்வொன்றும் ஸ்பேனர் மாதிரி. அவருடைய மனைவி மல்லிகா அக்கா, மல்லிகா அக்காவின் அண்ணன் சேகர் சார். சேகர் சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர், அளந்து பேசுகிறவர், எங்கள் கிளப்பில் நிதானமாகச் சுடுகிறவர்களில் ஒருவர். மாமன் மச்சான் இருவரும் ஒரே வியாபாரியிடம் ஒரே மாதிரி இரண்டு ரைஃபிள் வாங்கினார்கள். அதே கட்டை, அதே நிறம், குறிபார்க்க அதே ஸ்கோப். சேகர் சார் வாங்கியது .308. குணா அண்ணனுக்குப் பழைய தோள்வலி இருந்ததால், உதை குறையட்டும் என்று ஏழு எம்எம் வாங்கினார். குழலில் வெட்டியிருக்கும் பெயர் மட்டும்தான் வேறு, அதுவும் ஸ்கோப்பின் நிழலுக்குள் இருக்கும்.

அன்று கிளப் போட்டி. டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வந்து தொடக்கி வைத்து, தானும் சில தடவை சுட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் தலைமை அதிகாரி மேஜர், இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், விடியற்காலையிலிருந்தே சட்டைக் காலரைத் தடவிக்கொண்டிருந்தார். சுடும் வரிசையின் நான்காம் லேனில் முதல் சுற்று சேகர் சார், இரண்டாம் சுற்று குணா அண்ணன்.

தோட்டா கொடுக்கும் முறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்போது அது கொஞ்சம் வேறு மாதிரி. தோட்டாவின் பெயர் அச்சடித்த அட்டைப் பெட்டி ஸ்டோரிலேயே தங்கிவிடும். துளை போட்ட பிளாஸ்டிக் தட்டில் தோட்டாக்களை நிறுத்தி வைத்துக் கொடுப்போம். எண்ணுவதற்கு அத்தனை வசதி: துளையெல்லாம் நிறைந்திருந்தால் சரி. நிறுத்தி வைக்கும்போது முனை மேலே தெரியும், பெயர் இருக்கிற அடிப்பாகம் தட்டுக்குள் மறைந்துவிடும். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. தட்டில் பெயர் ஒட்டும் வழக்கமும் இல்லை. அவரவர் வந்து அவரவர் தட்டை வாங்கிப் போகும்போது பெயர் எதற்கு?

அன்று குணா அண்ணன் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். சேகர் சார் தன் தட்டை வாங்கிக்கொண்டு, மச்சானுடையதையும் தரும்படி கேட்டார். ஸ்டோரில் இருந்த ஃபைசால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சத்து கெலுவார்கா லா," என்றான். ஒரே குடும்பம்தானே என்று அர்த்தம். சேகர் சார் கைக்கு ஒன்றாக இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போனார். லேனுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தன் முறை வந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அவர் சுட்ட சுற்று நாறிப்போனது. வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. சில குண்டுகள் காகிதத்திலேயே இல்லை. சத்தம்கூடக் கொஞ்சம் மொட்டையாக இருந்தது என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அப்போதே அதைக் கவனித்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். காட்சி மாடத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்த மல்லிகா அக்கா முதல் ஆளாகச் சிரித்தார்.

"மச்சான், மாட்டுக் கொட்டாய்க்குள்ள நின்னு சுட்டாலும் மாடு தப்பிச்சிரும் போலயே," என்றார் குணா அண்ணன்.

"ஸ்கோப் லூஸ் ஆயிருச்சு லா," என்றார் சேகர் சார்.

"ஸ்கோப்பு பாவம், அது என்ன பண்ணும். தள்ளுங்க, நான் எப்படின்னு காட்டுறேன்."

சேகர் சார் வெற்றுக் கூடுகளைத் தட்டில் குத்தி வைத்து, சுருட்டிய இலக்குக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தார். நான் எண்ணினேன். ஃபைசால் எண்ணினான். துளையெல்லாம் நிறைந்திருந்தது. "சுக்கூப்," என்றான் ஃபைசால். போதும், சரி, முழுசாக இருக்கிறது என்பதற்கெல்லாம் நாம் சொல்லும் ஒரே மலாய் வார்த்தை. அதோடு வேலை முடிந்தது. உண்மையாகவே முடிந்துவிட்டது. தட்டை உள்ளே தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆனால் சேகர் சார் முகம் என்னை உறுத்தியது. அவமானத்தைவிட அதில் குழப்பம்தான் அதிகமாக இருந்தது, கணக்கு தப்பிப்போன வாத்தியார் முகம். கொஞ்சம் பார்க்கட்டுமா என்று காகிதத்தை வாங்கி விரித்தேன். ஸ்கோப் தளர்ந்தால் குண்டுகள் ஒரு பக்கமாக நகரும், அதில் ஓர் ஒழுங்கு இருக்கும். இங்கே ஒழுங்கே இல்லை. அதோடு ஒரு துளை வட்டமாக இல்லை. நீளவாட்டில், சாவித் துவாரம் மாதிரி கிழிந்திருந்தது. குண்டு சுழலாமல் படுத்தபடி வந்து அடித்தால்தான் அப்படிக் கிழியும். குழல் அதைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம்.

தட்டிலிருந்து ஒரு கூட்டை உருவினேன். கழுத்தைச் சுற்றிக் கரி. புகை பின்னால் கசிந்திருக்கிறது. பார்வைக்கு அது .308 கூடு மாதிரிதான் இருந்தது, ஏனென்றால் வெடித்தபோது கழுத்து விரிந்து அந்தத் துப்பாக்கியின் அளவுக்கே வந்துவிட்டது. இதை மனதில் வையுங்கள். சுட்ட கூட்டின் உருவம் எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்பதைத்தான் சொல்லும். தான் யார் என்பதை அதன் அடி மட்டுமே சொல்லும். திருப்பிப் பார்த்தேன். ஏழு எம்எம்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதிதான். சேகர் சார் மச்சானின் தோட்டாவைச் சுட்டிருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. இரண்டாவது எண்ணம் வர ஒரு மூச்சு நேரம் பிடித்தது. இவை ஏழு எம்எம் என்றால், .308 எங்கே?

ஒலிபெருக்கியில் மேஜர் குரல், தோட்டா ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தது.

கவுன்டர் சுவரில் சிவப்பு விசை இருக்கிறதே, அதை அடித்தேன். இலக்குகளுக்கு மேலே சிவப்பு விளக்குகள் எரிந்தன. வரிசையில் எல்லோரும் துப்பாக்கியைக் கிடத்திவிட்டுக் கையை எடுத்தார்கள். நான்காம் லேனில் மட்டும் ஒரு முதுகு குனிந்தே இருந்தது. குணா அண்ணன் விளக்கைப் பார்க்கவில்லை. அவர் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இறுக்கத்தில் நிறுத்திக் கையைத் தூக்கியிருப்பார்கள். ஆனால் அவர் வாழ்க்கை முழுவதும் இறுகிப்போனவற்றோடுதான். துருப்பிடித்த நட்டும் மாட்டிக்கொண்ட கியரும், தட்டினால் வழிக்கு வரும் என்பது அவர் பட்டறையில் தினமும் நிரூபணமாகிற உண்மை. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் போல்ட் பிடியை ஓங்கித் தட்டினார். பிறகு இன்னொரு தடவை.

கவுன்டரிலிருந்து நான்காம் லேன் பக்கம்தான். ஆனால் ஓட முடியாது. வரிசையில் ஓடுகிறவரைப் பார்த்து யாராவது திடுக்கிட்டால் அதுவே ஆபத்து. கத்தினால் காது மூடியிருக்கிற ஆளுக்குக் கேட்காது, அரைகுறையாகக் கேட்டால் துப்பாக்கியோடு திரும்புவார், குழல் வரிசை முழுவதையும் தடவிக்கொண்டு வரும். தோளைத் தொட்டால் உடம்பு உதறும், விரல் எங்கே இருக்கிறதோ அங்கே அழுத்தும். நடந்துகொண்டேதான் இதெல்லாம் யோசித்தேன். இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். கையில் அந்த வெற்றுக் கூடு இருந்தது, இது கூடாது, அதுவும் கூடாது என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எது கூடும் என்று தெரியவில்லை.

நான் பக்கத்தில் போனபோது போல்ட் மூடிவிட்டது. அவர் திருப்தியாகக் கன்னத்தைக் கட்டையில் பதித்துக் கண்ணை ஸ்கோப்புக்குக் கொண்டுபோனார்.

என் இடது கையை விரித்து, அவர் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் மெதுவாக இறக்கினேன்.

இது எந்தப் பாடத்திலும் இல்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. இருட்டைச் சுட ஆசைப்படும் மனிதன் கிடையாது என்ற ஒன்றைத்தான் நம்பினேன். அவர் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தலையைத் தூக்கினார்.

"என்னம்மா, கண்ண மறைக்கிற?"

"வெரல வெளிய எடுங்கண்ணே. வெளிய. அப்படியே கைய தூக்குங்க."

தூக்கினார். அப்போதுதான் விளக்கைப் பார்த்தார். "ஓ, லைட்டு போட்டாச்சா? பாக்கல லா. போல்ட்டு கொஞ்சம் டைட்டு. இப்பதான் உள்ள போச்சு."

இப்போதுதான் உள்ளே போயிற்று. என் ஒரு கை இன்னும் அந்த ஸ்கோப்பின் மேலேயே இருந்தது, எடுக்க வரவில்லை.

மேஜர் பத்தாம் லேனிலிருந்து வந்தார். அவருக்குப் பின்னால் டத்தோவும் வந்தார். யார் வரிசையை நிறுத்தியது என்று மேஜர் கேட்ட தொனியில் அன்று மதியத்துக்குள் எனக்கு வேலை இருக்காது என்றே நினைத்தேன். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். வெற்றுக் கூட்டை நீட்டினேன். அவர் அதன் அடியைப் படித்தார். குனிந்து குணா அண்ணன் துப்பாக்கியின் குழலில் ஸ்கோப்பின் நிழலைக் கையால் விலக்குவதுபோல விலக்கிப் பெயரைப் படித்தார். பிறகு பலகையில் மிச்சமிருந்த தட்டிலிருந்து ஒரு தோட்டாவை உருவி அதன் அடியையும் படித்தார். எழுந்தபோது தொனி மாறிவிட்டது. டத்தோவை மரியாதையாகக் காட்சி மாடத்துக்கு அனுப்பினார். வரிசை முழுவதையும் பின்னால் போகச் சொன்னார்.

போல்ட்டை அவரே திறந்தார். குழல் மண்மேட்டை நோக்கியிருக்க, கையால் கீழிருந்து மேலாகத் தட்டித் தட்டி. வெளியே வந்த தோட்டாவின் கழுத்தில் பித்தளை சீவியிருந்தது. குண்டு இருக்க வேண்டிய இடத்தைவிட உள்ளே அமுங்கியிருந்தது.

"கொஞ்சம் ஆயில் போட்டா சரியாயிரும் மேஜர்," என்றார் குணா அண்ணன். அவருக்கு இன்னும் புரியவில்லை.

"குணா, எந்தக் கண்ணால பாத்துச் சுடுவீங்க?"

"வலது."

"அதத் தொட்டுப் பாருங்க."

அவர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தொட்டார். மேஜர் அந்தத் தோட்டாவையும் குணா அண்ணனின் சொந்தத் தோட்டாவின் வெற்றுக் கூட்டையும் அடிப்பாகம் மேலே தெரியும்படி உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினார். குணா அண்ணன் படித்தார். சிரிப்பு போக நேரம் எடுத்தது, விரல் மட்டும் கண்ணோரத்திலேயே நின்றது.

சேகர் சார் பக்கத்தில் வந்து பார்த்தார். இரண்டு தட்டில் எதை எடுத்தோம் என்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்த் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லிகா அக்கா அதுவரை, யாரோ ஒரு பெண் தன் புருஷன் முகத்தில் கை வைக்கிறாள் என்று என்மேல் கோபமாக இருந்தாராம். அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு, பிரித்து வைத்த பொட்டலத்தைத் திரும்ப மடித்தார். "நாளையிலருந்து ரெண்டு பேரும் பேட்மிண்டன் ஆடுங்க," என்றார்.

அதற்குப் பிறகு விதிகள் வந்தன. பெட்டி தட்டோடு போக வேண்டும், அவரவர் தட்டை அவரவர்தான் வாங்க வேண்டும், ஏற்றுவதற்கு முன் தோட்டாவின் பெயரையும் குழலின் பெயரையும் உரக்கப் படிக்க வேண்டும். நீங்கள் இப்போது பார்ப்பது அந்த முறை. விதி வந்துவிட்டது என்று மட்டும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். போன வாரம்கூட ஒரு தட்டு பெட்டி இல்லாமல் கவுன்டரைத் தாண்டிப் போனது. கேட்டால், அப்பாவும் மகனும்தானே என்றார்கள். இங்கே யாரும் அசட்டையால் தவறு செய்வதில்லை. பிரியத்தால் செய்கிறார்கள், ஒரே குடும்பம் என்ற நம்பிக்கையால் செய்கிறார்கள். எண்ணிக்கை ஒத்துப்போகிற சந்தோஷத்தில் நாம் செய்கிறோம். அன்று காலை குணா அண்ணனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்கூட நம் கணக்கில் ஒரு தோட்டா குறைந்திருக்காது. அந்த நினைப்புதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

அன்று வரிசை மறுபடி திறந்தது. போட்டி நடந்தது, டத்தோவும் சுட்டார். மூன்றாம் சுற்றுக்காரர்கள் கூடுகளோடு கவுன்டருக்கு வந்து நின்றார்கள். ஃபைசால் முதல் தட்டை எண்ணினான். முகம் வெளுத்துத்தான் இருந்தது, ஆனாலும் பழக்கம் விடுமா. "சுக்கூப்," என்று என் பக்கம் தள்ளினான். நான் முதல் கூட்டை உருவித் திருப்பினேன். படித்தேன். வைத்தேன். இரண்டாவதை உருவினேன்.

வரிசையில் நின்ற ஓர் அங்கிள் பொறுமை இழந்தார். "நம்பர் சரியாதானே இருக்கு தங்கச்சி, அப்பறம் என்ன தேடுற? வெயில் ஏறுது லா."

சரியாகத்தான் இருக்கிறது அங்கிள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. குணா அண்ணன் கவுன்டர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. வலது கண்ணின் கீழே விரல் இன்னும் தடவிக்கொண்டிருந்தது.

"பாக்கட்டும் லா அங்கிள்," என்றார். "நல்லா பாக்கட்டும்."

நான் மூன்றாவதைத் திருப்பினேன்.